இலையடியில் செம்பேன்: அறிகுறி பார்த்து வைத்தியம்

வீட்டுக்குள் வைத்திருக்கும் செடியின் இலை வெளிறுகிறது, மருந்து அடித்தும் நிற்கவில்லை என்று யாராவது சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா என்பதுதான். இப்படி இலையை வெளிறச் செய்யும் செம்பேன் என்ற மிகச் சிறிய உயிரி இலையின் அடிப்பக்கத்தில் குடியிருக்கிறது. அங்கேயே சாறு உறிஞ்சுகிறது, அங்கேயே முட்டையிடுகிறது, அங்கேயே தோலுரிக்கிறது. மேலிருந்து தெளிக்கும் மருந்து எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதன் மேல் படுவதில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செம்பேன் பூச்சி இனத்தைச் சேர்ந்ததல்ல. வளர்ந்த பேனுக்கு எட்டுக் கால்கள். சிலந்தி, உண்ணி, தேள் ஆகியவற்றின் உறவினம் அது. ஆகவே பூச்சிகளுக்கென்று விற்கப்படும் மருந்துகளில் பல இதை ஒன்றும் செய்வதில்லை. சில மருந்துகள் இதைப் பெருக்கியே விடுகின்றன. எந்த மருந்து என்று தேடுவதற்கு முன்னால் என்ன நோய் என்று உறுதி செய்வது இங்கே மிக அவசியம்.

கீழே உள்ள முறைகள் தமிழ்நாட்டுத் தட்பவெப்பத்தில், அடுக்குமாடி வீடுகளின் கூடத்திலும் பால்கனியிலும் செடி வளர்ப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. தண்ணீர், சோப்பு, நாள்காட்டி ஆகிய மூன்றும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

எந்த அறிகுறிக்கும் முன்: வெள்ளைத் தாள் சோதனை

ஒரு வெள்ளைத் தாளைச் சந்தேகப்படும் இலையின் கீழே பிடித்து, இலையை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். தாளில் தூசி விழும். அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். மிளகுத்தூள் அளவிலான புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் அது பேன். விரலால் தாளோடு சேர்த்துத் தேய்த்தால் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ ஒரு கோடு இழுபடும். வெறும் தூசி அப்படி இழுபடாது.

வளர்ந்த பெண் பேன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசிக் கேமராவில் செருகும் சிறிய லென்சும் உதவும். அதன் வழியே பார்த்தால் முத்துப் போன்ற உருண்டை முட்டைகள், உதிர்ந்த வெள்ளைத் தோல்கள், நடமாடும் பேன்கள் மூன்றும் ஒரே இலையில் நடு நரம்பை ஒட்டித் தெரியும். செம்பேன் என்ற பெயரை நம்பிச் சிவப்பை மட்டும் தேடாதீர்கள். வீடுகளில் அதிகம் வருவது இரட்டைப் புள்ளிப் பேன். அது வெளிர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். இரு பக்கமும் ஒவ்வொரு கருநிறத் திட்டு இருக்கும். தெட்ரானிக்கஸ் உர்ட்டிசே என்பது அதன் அறிவியல் பெயர். 1836-இல் பெயரிடப்பட்ட இந்த உயிரினம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகளில் பிழைக்கக்கூடியது. ரோஜா, கத்தரி, வெண்டை, பப்பாளி, ஆமணக்கு எல்லாம் அதற்கு உணவு. பால்கனியில் கத்தரிச் செடி இருந்தால் கூடத்தில் இருக்கும் பாம் செடிக்கு அது தள்ளிப்போன ஊரல்ல.

இலையின் மேல்பக்கம் முழுக்க ஊசி குத்தியது போல் வெளிர் புள்ளிகள்

இதுதான் ஆரம்ப அறிகுறி. பேன் தன் ஊசி வாயை இலைச் செல்லுக்குள் செலுத்திப் பச்சையத்தோடு சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. காலியான செல் வெளிறிப்போகிறது. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. முதலில் நரம்பை ஒட்டித் தோன்றும். பிறகு இலை முழுக்கப் பரவி, தூரத்திலிருந்து பார்க்கும்போது சாம்பல் பூத்த தோற்றம் தரும்.

இந்த நிலையில் பிடித்தால் சோப்புகூட வேண்டாம், தண்ணீரே போதும். செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோங்கள். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடித் தண்டைச் சுற்றிக் கட்டிவிட்டால் மண் கரையாது. செடியைச் சாய்த்துப் பிடித்து, ஹெல்த் ஃபாசெட்டால் இலையின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். நம் ஊர்க் குளியலறையில் இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. கையடக்கம், வளைக்கக்கூடிய குழாய், தேவையான வேகம் எல்லாம் அதில் உண்டு. இலையும் காம்பும் சேரும் இடுக்கு, குருத்தின் மடிப்பு, நடு நரம்பின் இரு பக்கம் ஆகியவற்றைத் தவற விடாதீர்கள். அகன்ற இலைகளை ஒரு கையால் அடியில் தாங்கிக்கொண்டு, மறு கையில் ஈரத் துணியால் துடைப்பது இன்னும் நல்லது. துணியைச் செடிக்குச் செடி அலசுங்கள்.

கோடையில் ஒரு எச்சரிக்கை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பகல் 12 மணிக்கு மேல் வரும் தண்ணீர் கையைச் சுடும். அது இலையையும் சுடும். காலையில் கழுவுங்கள்.

தண்ணீரை இவ்வளவு நம்பக் காரணம் இருக்கிறது. வெளியே இருக்கும் செடிகளில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் செம்பேன் தானாகவே குறைகிறது. கனமழை அதை அடித்துக் கழுவிவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு வருடம் முழுக்க மழை கிடையாது. தூசியும் போவதில்லை, பேனும் போவதில்லை. அந்த மழையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் தெளித்து ஈரப்பதம் கூட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வறண்ட காற்று பேனுக்குச் சாதகம் என்பது உண்மை. ஆனால் ஸ்ப்ரே பாட்டிலால் தூவிய ஈரம் மின்விசிறி ஓடும் அறையில் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். பேனைத் தள்ளி விழச் செய்வதற்கு அந்தத் தூவலில் வேகமும் இல்லை.

காம்புக்கும் இலைக்கும் நடுவே மெல்லிய வலை

வலை தெரிகிறது என்றால் பேன் வெகு நாட்களாக இருக்கிறது, எண்ணிக்கையும் மிக அதிகம் என்று பொருள். வலையில் நுண்ணிய துகள்கள் நகர்வது வெறும் கண்ணுக்கே தெரியும். நுனிகளில் கூட்டமாகச் சேர்ந்திருந்தால், அவை அடுத்த செடிக்குப் போகத் தயாராகின்றன. இழையில் தொங்கிக் காற்றில் மிதந்து போகும். மின்விசிறி அந்த வேலையைச் சுலபமாக்குகிறது. நம் சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டும் போகும்.

எனவே முதலில் விசிறியை நிறுத்துங்கள். செடியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடக்க வேண்டாம். வலை பின்னிய இலைகளை இருந்த இடத்திலேயே வெட்டி நேராகப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்; வீட்டு உரக்குழியில் போடாதீர்கள். பிறகு செடியின் மேல் பெரிய பாலித்தீன் பையைக் கவிழ்த்து மூடிக் குளியலறைக்குக் கொண்டுபோங்கள். நன்றாகக் கழுவிய பிறகு சோப்புக் கரைசல் தெளிக்க வேண்டும்.

தோட்டக் கடைகளில் கிடைக்கும் பொட்டாசியம் சோப்பு சிறந்தது. அளவு அதன் உறையில் இருக்கும். கிடைக்காவிட்டால் சாதாரணக் காதி சோப்பைச் சீவி, 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 கிராம் கரைத்துக்கொள்ளலாம். பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம். அது சோப்பு வகையில் சேராது, டிடர்ஜென்ட். இலையின் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். எதைத் தெளித்தாலும் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முழுச் செடிக்குப் போங்கள்.

சோப்பு ஈரமாக இருக்கும் வரைதான் கொல்லும். உலர்ந்த பிறகு அதற்கு வேலையில்லை. அதனால் பேன் மேல் நேராகப் பட வேண்டும், அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும், வெயிலும் விசிறியும் இல்லாத மாலை நேரமாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரால் அலசிவிடலாம். மென்மையான இலைகளுக்கு இது கட்டாயம்.

பக்கத்தில் இருந்த செடிகளையும் தாள் சோதனைக்கு உட்படுத்துங்கள். தொட்டியின் விளிம்பு, தாங்கு குச்சி, கொடி ஏற வைக்கும் பாசிக் கம்பம், ஜன்னல் கட்டை, தரையில் உதிர்ந்த இலைகள் எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். மண்ணை மாற்ற வேண்டியதில்லை. செம்பேன் மண்ணுக்குள் வாழ்வதில்லை. ஏற்கனவே வாடியிருக்கும் செடியை இந்த நேரத்தில் தொட்டி மாற்றினால் அது இன்னும் நலியும்.

கழுவினேன், தெளித்தேன், ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது

மனம் தளர்ந்து கடைக்காரரிடம் கடுமையான மருந்து கேட்கத் தோன்றும் கட்டம் இது. ஆனால் பெரும்பாலும் மருந்தில் குறையில்லை, கணக்கில்தான் குறை. சோப்பும் தண்ணீரும் நடமாடும் பேனைப் போக்குகின்றன. இலையில் ஒட்டியிருக்கும் முட்டைகளில் ஒரு பங்கு தப்பிவிடுகிறது. அந்த முட்டைகள் பொரிந்ததும் புதிய கூட்டம் கிளம்புகிறது.

கணக்கைத் தெரிந்துகொண்டால் வைத்தியம் எளிது. 30 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் முட்டை சுமார் 3 நாளில் பொரிகிறது. பொரிந்த குஞ்சு, இரண்டு இளம் பருவங்களைக் கடந்து, முட்டையிலிருந்து ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும்போது முட்டையிடும் தாயாகிவிடுகிறது. ஒரு பெண் பேன் தன் சில வார வாழ்நாளில் நூறு முட்டை வரை இடும். இணை சேராத பெண்ணும் முட்டையிடும். அவை அனைத்தும் ஆணாகப் பிறக்கும். ஆகவே ஒரே ஒரு பெண் தப்பினாலும் குடும்பம் மறுபடி தொடங்கிவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் விதி: பொரிந்தது தாயாவதற்குள் அடுத்த கழுவல் நடந்தாக வேண்டும். பங்குனி முதல் ஆனி வரையிலான வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில், 4 நாளுக்கு ஒரு முறை என்று ஐந்து முறை கழுவித் தெளியுங்கள். இரவும் பகலும் ஏ.சி. ஓடும் அறையில் 22, 24 டிகிரியில் பேன் மெதுவாக வளர்கிறது. அங்கே வாரம் ஒரு முறை போதும், ஆனால் ஒரு மாதத்துக்குக் குறையக் கூடாது. குளிர்ந்த அறையில் சீக்கிரம் ஒழிந்துவிட்டதாகத் தோன்றும். வளர்ச்சி தாமதமாவதுதான் காரணம். அதைக் குணமென்று எண்ணி இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுவதால்தான் பல வீடுகளில் மறுபடி வருகிறது. நாள்காட்டியில் தேதிகளைக் குறித்துவிடுங்கள். பேன் கண்ணில் படவில்லை என்றாலும் குறித்த தேதியில் கழுவுங்கள். கடைசிக் கழுவலுக்குப் பிறகு இரண்டு வாரம் தாள் சோதனை சுத்தமாக இருந்தால் நிறுத்தலாம்.

கணக்குச் சரியாக இருந்தும் பலனில்லையா? தண்ணீரைப் பாருங்கள். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரையாகப் படிந்துவிடும். கொல்வதற்குச் சோப்பு மிஞ்சாது. நீங்கள் கரைத்த கரைசல் நுரைக்காமல் தயிர்த் துணுக்குகளாகத் திரிந்தால் இதுதான் காரணம். கழுவுவதற்குக் கிணற்று நீர் பரவாயில்லை, சோப்பு கரைக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணீரையோ பிடித்து வைத்த மழை நீரையோ எடுங்கள்.

சோப்பால் அடங்காத இடத்தில் அடுத்தது வேப்பெண்ணெய். 1 லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 5 மி.லி. எண்ணெய். முதலில் எண்ணெயோடு 1, 2 மி.லி. திரவச் சோப்பைக் (பாத்திரம் துலக்கும் திரவம் இங்கும் வேண்டாம்) குழைத்து, பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பால் போல் கலங்கும். எண்ணெய் தனியே மிதந்தால் தெளிக்காதீர்கள், அது இலையில் திட்டாகப் படிந்து கருக்கும். கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். எண்ணெய் பேனையும் முட்டையையும் மூச்சுமுட்ட வைக்கிறது. அதிலுள்ள அசாடிராக்டின் இளம் பேனின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. மூடிய ஏ.சி. அறையில் வாடை நிற்கும், ஆகவே பால்கனியில் நிழலில் வைத்துத் தெளித்து, உலர்ந்த பின் உள்ளே கொண்டுவாருங்கள். கலாத்தியா, பெரணி, ரோமம் படர்ந்த இலையுள்ள செடிகள் எண்ணெயைத் தாங்குவதில்லை. அவற்றுக்குக் கழுவலும் துணித் துடைப்பும்தான் மருந்து. அதற்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

பூண்டு, மிளகாய், இஞ்சிக் கரைசல் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. அந்தக் கரைசலைத் தெளிக்கும்போது கிடைக்கும் பலனில் பெரும்பங்கு, இலை நனைந்து கழுவப்படுவதாலும் அதில் சேர்க்கும் சோப்பாலும் வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மருந்து அடித்த பிறகு முன்னைவிட அதிகமாகிவிட்டது

எந்த மருந்து என்று புட்டியைப் பாருங்கள். இமிடாக்ளோபிரிட் என்றிருந்தால் அது அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் உரியது, பேனுக்கு அல்ல. அது தெளித்த செடியில் செம்பேன் கூடுதலாக முட்டையிடுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் பேனை விட்டுவிட்டுப் பேனைத் தின்னும் நல்லுயிர்களை அழித்துவிடுகின்றன. பால்கனிச் செடியில் குண்டூசித் தலையளவு கருவண்டு ஒன்று பேன் கூட்டத்தின் நடுவே திரிந்தால் அதைத் தொடாதீர்கள். ஸ்தெதோரஸ் என்ற அந்தப் பொறிவண்டுக்குச் செம்பேன்தான் சாப்பாடு. கொசு, கரப்பான் விரட்டும் ஏரோசலைச் செடியில் அடிப்பது இவை எல்லாவற்றையும்விடக் கேடு: அதன் கரைப்பான் இலையைக் கருக்கும், பேன் மிஞ்சும்.

வயலுக்கான பேன் கொல்லிகள் தனியே உண்டு. உழவர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். படுக்கையறையிலும் குழந்தை தவழும் கூடத்திலும் அவற்றைத் தெளிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அபாமெக்டின் போன்றவை மீனுக்குக் கொடிய நஞ்சு. வீட்டில் மீன்தொட்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பழைய குறிப்புகளில் டைக்கோஃபால் என்ற பேன் கொல்லியின் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்து யாராவது பரிந்துரைக்கலாம். 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தம் அதை ஒழிக்க வேண்டிய நச்சுகளின் பட்டியலில் சேர்த்தது. எஞ்சிய புட்டி கையில் இருந்தாலும் தொடாதீர்கள். நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள், பேனுக்கு எதிராக வேலை செய்யும், ஆனால் 32 டிகிரிக்கு மேல் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் அதைத் தெளித்தாலும் இலை கருகும். மொட்டை மாடியில் மார்கழி, தை மாதங்களில் வேண்டுமானால் பார்க்கலாம்.

கடுமையான மருந்தை நாடுவதில் இன்னொரு சிக்கல், இந்தப் பேன் எதற்கும் பழகிவிடுகிறது. 90-க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு எதிர்ப்பு பெற்றதாகப் பதிவுகள் உள்ளன. 2011-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டபோது, நஞ்சை முறிக்கும் மரபணுக்கள் அதில் ஏராளமாக இருப்பது தெரியவந்தது. சோப்புக்கும் நீர் வேகத்துக்கும் அப்படிப் பழகிக்கொள்வது அதற்கு எளிதல்ல.

பேன் இல்லை, ஆனால் இலையின் புள்ளிகள் மறையவில்லை

மறையாது. காலியான செல் மறுபடி பச்சை பிடிப்பதில்லை. பழைய இலையைப் பார்த்து வைத்தியம் தோற்றுவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். கழுவத் தொடங்கிய பிறகு விரிந்த குருத்து சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். தொடங்கும் நாளில் இரண்டு மூன்று இலைகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் புள்ளி கூடுகிறதா, நின்றுவிட்டதா என்று ஒப்பிடலாம். பாதிக்கு மேல் பச்சை இருக்கும் இலைகளை விட்டுவையுங்கள், செடி தேற அவை தேவை.

இது செம்பேன்தானா என்று சந்தேகம்

இலையில் பிசுபிசுப்பு இருந்தால் அது செம்பேனின் வேலை இல்லை. செம்பேன் தேன் கசிவை வெளியிடுவதில்லை. மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி ஆகியவற்றைத் தேடுங்கள். வெள்ளிப் பூச்சுப் போன்ற திட்டுகளும், அவற்றின் மேல் தார்ப் புள்ளிகள் போன்ற கழிவும் இருந்தால் அது இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற பூச்சி. தாளில் தட்டினால் நீளமான, ஒல்லியான உருவம் விழும். துடைத்தால் போய்விடும் வெள்ளைத் திட்டு கடின நீரின் உப்பு. பாம் செடியில் இலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்வது பெரும்பாலும் உப்பு நீராலும் நீர்க் குறைவாலும் வருவது. அதில் புள்ளிகள் இருக்காது. ஒற்றை இழையில் தொங்கும் நிஜச் சிலந்தியின் வலையைக் கண்டு பயப்பட வேண்டாம், அது உங்கள் பக்கம்.

குருத்து மட்டும் தடித்து, சுருங்கி, கீழ்நோக்கி மடங்கினால் அது வேறு ஒரு பேன். மிளகாய் பயிரிடுபவர்கள் அதை மஞ்சள் முரணைச் சிலந்தி என்பார்கள். அளவு செம்பேனில் பாதிகூட இல்லை, வலை பின்னாது, லென்ஸ் இன்றித் தெரியாது. பால்கனி மிளகாய்ச் செடியின் கொழுந்து சுருண்டிருந்தால் அங்கிருந்து வந்திருக்கும். கெட்ட குருத்துகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, எஞ்சிய கொழுந்துகளில் வேப்பெண்ணெய்க் கரைசலை ஐந்து நாளுக்கு ஒரு முறை தெளியுங்கள்.

அரிக்கா பாமில், குறிப்பாகப் பக்கத்தில் தென்னை இருக்கும் வீடுகளில், இன்னொன்றும் வருகிறது: உண்மையிலேயே செக்கச் சிவந்த, தட்டையான, மெதுவாக ஊர்கிற பேன். வலை இருக்காது. அடியில் சிவப்புக் கூட்டமாக நரம்போடு வரிசையாக நிற்கும். ராவியெல்லா இண்டிகா என்ற இந்தப் பேனை 1924-இல் உலகுக்கு விவரித்ததே கோயம்புத்தூரில் தென்னை ஓலையிலிருந்து எடுத்த மாதிரியைக் கொண்டுதான். கழுவல் முறை இதற்கும் அதேதான். ஒவ்வொரு ஓலைக் கீற்றையும் ஈரத் துணிக்குள் வைத்து அடியிலிருந்து நுனி வரை உருவி எடுங்கள்.

ஒரே செடிக்கு மட்டும் மறுபடி மறுபடி வருகிறது

செடியின் இடத்தை ஆராயுங்கள். ஏ.சி. காற்று நேராகப் படுகிறதா, மேற்கு ஜன்னலின் கண்ணாடியை ஒட்டி நிற்கிறதா, மண் அடிக்கடி முழுவதும் காய்ந்துபோகிறதா என்று பாருங்கள். தாகத்தில் தவிக்கும் செடி பேனுக்கு எளிய இரை. அடுத்தது உரம். தழைச்சத்து மிகுந்த இளம் இலையில் பேன் வேகமாகப் பெருகும்; சிகிச்சை நடக்கும் மாதத்தில் யூரியா, டி.ஏ.பி., திரவ உரம் எதையும் கொடுக்காதீர்கள். அரிக்கா பாம், அல்கோசியா, கலாத்தியா, குரோட்டன், ஐவி ஆகியவை இயல்பாகவே அடிக்கடி பாதிக்கப்படுபவை. மணி பிளான்ட்டும் ஸ்நேக் பிளான்ட்டும் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஏ.சி. அறையின் மூலைக்கு எதை வைப்பது என்று கேட்பவர்களுக்கு நான் அல்கோசியாவைச் சொல்வதில்லை.

புதிய செடி வாங்கி வந்ததும் நேராக மற்றச் செடிகளோடு சேர்த்து வைப்பது இன்னொரு காரணம். நர்சரிச் செடிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு லாரியில் வெகுதூரம் வருகின்றன. ஒன்றில் இருந்தால் பக்கத்துச் செடிக்கும் வந்திருக்கும். வாங்கும் இடத்திலேயே அடி இலையைத் திருப்பிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு முறை கழுவி, தனி அறையில் மூன்று வாரம் வைத்து, வாரம் ஒரு முறை தாள் சோதனை செய்துவிட்டுச் சேருங்கள். பேன் இருந்த செடியைத் தொட்டுவிட்டு மற்றதைத் தொடுவதற்குள் கை கழுவுவதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும்போதும் சுத்தமான செடிகளை முதலில் கவனித்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியில் தொடுங்கள்.

வெளிநாடுகளில் பேனைத் தின்னும் பேனைச் சின்னப் பைகளில் வாங்கி வீட்டுச் செடியில் தொங்கவிடுகிறார்கள். அவற்றில் பெயர்பெற்ற பைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ், சிலியிலிருந்து வந்த ஆர்க்கிட் செடிகளோடு 1958-இல் ஜெர்மனிக்குத் தற்செயலாக வந்து சேர்ந்தது. நம் வயல்களில் அதே வேலையைச் செய்யும் நாட்டு இனங்கள் இருக்கின்றன. மருந்து அடிக்காத பால்கனிக்கு அவை தாமாகவே வந்து சேரும், விட்டுவைத்தால் போதும்.

இலை பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது, செடியை வைத்துக்கொள்வதா?

தண்டைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. அல்கோசியா போன்ற கிழங்குச் செடியாக இருந்தால் இலைகள் அனைத்தையும் வெட்டிவிடலாம்; கிழங்கு மறுபடி துளிர்க்கும், பேனுக்கு இடையில் உணவு இருக்காது. குரோட்டன், ரப்பர் செடி போன்றவற்றைக் கவாத்து செய்து, எஞ்சிய தண்டைச் சோப்புக் கரைசலால் துடைத்துவிட்டுக் கழுவல் அட்டவணையைத் தொடங்குங்கள். அரிக்கா பாம் அப்படி வெட்டத் தாங்காது. அதில் குருத்து ஓலையும் வெளிறிக் காய்ந்துவிட்டால், பக்கத்தில் பத்துச் செடிகள் இருக்கும் வீட்டில் அதைக் காப்பாற்ற முயல்வது மற்றவற்றுக்கு ஆபத்து. பையில் கட்டி அகற்றிவிடுங்கள்.

பிடித்த செடியாக இருந்து, தண்டை வெட்டி வேர்விடச் செய்ய முடியுமானால், வலை இல்லாத நுனித் தண்டு ஒன்றை வெட்டி, ஓரிரு இலைகளை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். சோப்புக் கரைசலில் தலைகீழாக ஒரு நிமிடம் முக்கி அலசி, வேறு அறையில் கண்ணாடிப் புட்டித் தண்ணீரில் வையுங்கள். வாரம் ஒரு முறை லென்சால் பார்த்து, பேன் தெரிந்தால் மறுபடி முக்குங்கள். வேர்விட்டு இரண்டு வாரம் தாள் சுத்தமாக இருந்த பிறகே மற்றச் செடிகளின் பக்கம் கொண்டுவாருங்கள். பழைய தொட்டியை உரசிக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் அதிலேயே நடலாம்.